மூன்றாம் நாளைத் தாண்டாத பி செல்கள்

அன்பு மகளுக்கு,

எலியின் மண்ணீரலிலிருந்து பிரித்து ஆய்வகத்தில் வளர்க்கும் பி செல்களில் (ஆன்டிபாடி உருவாக்கும் வெள்ளணுக்கள்) பெரும்பகுதி மூன்றாம் நாளைத் தாண்டுவதில்லை, கைப்பழக்கம் போதவில்லையோ என்று எழுதியிருந்தாய். கையில் குறையில்லை அம்மா. பி செல் சும்மா இருந்தால் செத்துப்போகும். உயிரோடிருக்க அதற்கு ஓயாமல் உத்தரவு வர வேண்டும். உடலுக்குள் அந்த உத்தரவைத் தரும் முக்கியப் புரதம் பாஃப் (BAFF). பழைய கட்டுரைகளைத் தேடும்போது பிளைஸ் (BLyS), டால்-1 (TALL-1) என்ற பெயர்களையும் போட்டுப் பார். 1999 வாக்கில் பல குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்து ஆளுக்கொரு பெயர் வைத்துவிட்டார்கள்.

அது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் உன் பாதிக் குழப்பம் தீரும். ஓய்விலிருக்கும் செல்லில் டிராஃப்3 என்ற புரதம், கூட்டாளிகளோடு சேர்ந்து நிக் (NIK) என்ற கைனேஸை, அதாவது பிற புரதங்களில் பாஸ்பேட் சேர்க்கும் நொதியை, உருவாக உருவாக அழிக்கிறது. பாஃப் வந்து செல்லின் மேலுள்ள தன் ஏற்பியைப் பிடித்ததும் டிராஃப்3 அங்கே இழுக்கப்பட்டு அழிகிறது. நிக் சேர்கிறது, பி100 என்ற புரதம் வெட்டப்பட்டு பி52 ஆகிறது, அது ரெல்பி என்ற இன்னொரு புரதத்தோடு செல்லின் உட்கருவுக்குள் போய்ப் பிழைப்புக்கான மரபணுக்களை இயக்குகிறது. டிராஃப்3 இல்லாத பி செல்கள் பாஃப் இன்றியே பிழைக்கின்றன என்பது இதற்கு நல்ல சான்று. இந்தப் பாதை மெதுவானது. பாஃப் கொடுத்த 15 நிமிடத்தில் செல்லை உடைத்து, புரதங்களைப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் போட்டால் பி52 தெரியாது. பல மணி நேரம் விட்டு, இரவு முழுக்க வைத்தும் ஒன்று பார். வெட்டுவதற்கான பி100 இருப்பை நிரப்புவது பி செல்லின் ஆன்டிஜென் ஏற்பியிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞை. இரண்டும் தனித்தனி வழிகள் என்று எண்ணிவிடாதே.

மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த, முதிர்ச்சியின் முதல் படியான டி1 நிலைச் செல்லில் பாஃப் ஏற்பி குறைவு, அடுத்த படியான டி2-வில் கூடும். பாஃப் இல்லாத எலிகளில் வளர்ச்சி டி1-லேயே நின்றுவிடுவது அதனால்தான். இந்த நிலைகளைப் பிரித்தறிய, செல் மேற்பரப்பின் அடையாளப் புரதங்களான சிடி93, ஐஜிஎம், சிடி23 மூன்றையும் சேர்த்துச் சாயமிடு. சிடி93 உள்ளவற்றில் ஐஜிஎம் மிகுந்து சிடி23 இல்லாதவை டி1; ஐஜிஎம் மிகுந்து சிடி23-உம் இருப்பவை டி2. இதைப் பிரிக்காமல் மொத்தச் செல்லுக்கும் ஒரே விழுக்காடு சொன்னால் அது எதையும் சொல்லாது.

இனி செல்களை வளர்க்கும் குழித் தட்டான பிளேட்டுக்கு வருவோம். சிடி43 புரதம் உள்ள செல்களைப் பிடிக்கும் காந்த மணிகளால் வேண்டாதவற்றை நீக்கிப் பிரி. பி செல்லையே ஆன்டிபாடியால் பிடித்தால் அதைத் தூண்டிவிடும் அபாயம் உண்டு. ஆனால் இந்த முறையில் பி-1 என்ற தனி வகை பி செல்களும் போய்விடும், நினைவில் வை. வளர்க்க ஆர்பிஎம்ஐ ஊடகம், 10% சீரம், 50 மைக்ரோமோலார் பீட்டா-மெர்காப்டோஎத்தனால். மில்லிலிட்டருக்கு 10 லட்சம் செல்கள். பீட்டா-மெர்காப்டோஎத்தனாலை மறந்தால் பாஃப் ஊற்றியும் பயனில்லை. பாஃப் மில்லிலிட்டருக்கு 50 முதல் 100 நானோகிராம் போதும். சிறு பங்குகளாக உறையவைத்து ஒவ்வொன்றையும் ஒரே முறை உருக்கு. திரும்பத் திரும்ப உருக்கினால் வீரியம் போகும்.

பெரும்பாலோர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 72 மணி நேரத்தில் பாஃப் ஊற்றிய குழியில் செல் அதிகம் என்றதும் 'பெருகியது' என்று எழுதிவிடுவார்கள். அது பெருக்கமல்ல, சாகாமல் தங்கியது. செல் பிரியும்போதெல்லாம் பங்கிடப்படும் சிஎஃப்எஸ்இ சாயம் பாதி பாதியாகக் குறைந்திருந்தால்தான் பிரிந்தது என்று பொருள். கூடவே சாகும் செல்லைக் காட்டும் அனெக்சின் வி-யும் போடு. பாஃப் மட்டும் கொடுத்தும் செல் பிரிந்திருந்தால் உன் பாஃபில் எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) கலந்திருக்கிறதா என்று முதலில் பார். எலி பி செல் அதற்கு எளிதில் பிரியத் தொடங்கும்.

பாஃபின் அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்டிருந்தாய். உடலில் பாஃப் பற்றாக்குறையாகவே கிடைக்கிறது. தன் உடலையே தாக்கக்கூடிய பி செல்களுக்கு அது கூடுதலாக வேண்டும், எனவே போட்டியில் அவை தோற்கின்றன. பாஃப் மிகுந்த எலிகளுக்கு, உடல் தன்னையே தாக்கும் லூபஸ் போன்ற நோய் வருகிறது. 2011இல் அமெரிக்காவில் லூபஸுக்கு அனுமதி பெற்ற பெலிமுமாப் என்ற மருந்து இந்தப் புரதத்தைத்தான் பிடிக்கிறது. ஆனால் பழைய தொற்றை நினைவில் வைத்திருக்கும் நினைவு பி செல்லுக்குப் பாஃப் அவ்வளவாகத் தேவையில்லை. மஜ்ஜையில் தங்கி ஆன்டிபாடி சுரக்கும் பிளாஸ்மா செல்லுக்கு பிசிஎம்ஏ ஏற்பி வழியே ஏப்ரல் என்ற இன்னொரு புரதமும் உதவும். அதனால் பாஃபைத் தடுத்தால் எல்லா ஆன்டிபாடியும் வற்றிவிடும் என்று உன் அறிக்கையில் எழுதிவிடாதே.

அடுத்த பிளேட்டில் 0, 24, 48, 72 மணிக் கணக்கோடு, பாஃப் இல்லாத குழியின் சிஎஃப்எஸ்இ படத்தையும் அனுப்பு. அதைப் பார்க்காமல் என்னால் மேலே சொல்ல முடியாது.

அன்புடன்,
அப்பா