காட்சிமுனைக்கு ஏறும் வழியை அடைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் ஸ்பெயின் நாட்டுக் கடற்கரைகள் பற்றி வெளியான பயணக் கட்டுரையைப் படித்தேன். கொஸ்தா பிராவாவின் பாறைக் குடாக்களையும், நெர்ஹா நகரின் ‘ஐரோப்பாவின் பால்கனி’ என்னும் காட்சிமுனையையும் படங்களோடு விவரித்த அக்கட்டுரை, அவ்விடங்களுக்கு யார் வேண்டுமானாலும் போய்வர முடிவது எப்படி என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. இலங்கையின் மலையகத்தில் இருக்கும் எங்களுக்கு அதுதான் முக்கியமான செய்தி.

கடற்கரைகள் பொதுச்சொத்து என்று ஸ்பெயினின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பே கூறுகிறது. 1988இல் வந்த கரையோரச் சட்டமோ, கரையின் எல்லையை ஒட்டிய 6 மீட்டர் அகல நிலம் தனியாருக்கு உரியதாக இருந்தாலும் மக்கள் நடப்பதற்காக அதை எப்போதும் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. நகர்ப்பகுதிகளில் கடலுக்கு இறங்கும் நடைவழிகள் ஒன்றுக்கொன்று 200 மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் உண்டு. கொஸ்தா பிராவாவில் கள்ளக்கடத்தலைப் பிடிக்கக் காவலர்கள் சுற்றிவந்த ஒற்றையடிப் பாதையில், ‘ரோந்துப் பாதை’ என்ற அதே பழைய பெயரோடு, இன்று ஊர்மக்களும் பயணிகளும் நடக்கிறார்கள். 1884ஆம் ஆண்டின் இறுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தை அடுத்து மன்னர் பன்னிரண்டாம் அல்ஃபோன்சோ வந்து நின்ற நெர்ஹா முனை இப்போது ஊரின் பொதுச் சதுக்கமாக இருக்கிறது.

அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அல்மேரியா மாகாணத்தின் அல்கரோபிகோ கடற்கரையில், இயற்கைப் பூங்காவுக்குள்ளேயே 411 அறைகள் கொண்ட ஹோட்டல் ஒன்று எழும்பியது. 2006இல் நீதிமன்றம் வேலையை நிறுத்திய பிறகும் அந்த வெள்ளைக் கட்டடம் ஆண்டுக்கணக்காக அப்படியே நின்றது. கட்டி எழுப்பியதை அகற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். என் தாயார் கொழுந்து பறித்த தோட்டத்தில், பதினோராம் நம்பர் மலைக்கு மேலே ஒரு பாறை உண்டு. தேயிலைக்கு நடுவே ஏறும் குறுக்கு வழியாக அரைமணி நேரத்தில் அங்கே போய்விடலாம். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி கிளம்புவதற்கு முன், வானம் தெளிந்த காலைகளில், தெற்கே வெகுதொலைவில் கடல் ஒரு வெள்ளிக் கம்பியைப்போல் தெரியும். லயத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் கடலை முதன்முதலில் பார்த்தது அங்கிருந்துதான். சென்ற தைப்பொங்கல் விடுமுறையில் என் பேரனை அங்கே அழைத்துச் சென்றேன். குறுக்கு வழியின் பாதியில் சுற்றுலா விடுதி ஒன்றின் இரும்புக் கேற்றும் முள்வேலியும் நின்றன. காவலுக்கு நின்றவர் என்னிடம் படித்த பையன். “சேர், ரூம் எடுத்தவங்களை மட்டுந்தான் விடச் சொல்லியிருக்காங்க” என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருடைய தாயாரும் அதே மலையில் கொழுந்து பறித்தவர்தான். பேரனோடு திரும்பி இறங்கினேன்.

சுற்றுலாவால் எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கிறது. விடுதிகள் வேண்டாம் என்று எவரும் கேட்கவில்லை. ஆனால் இந்த மலைகளைக் காடு வெட்டித் தேயிலை நட்டு உருவாக்கிய மக்களின் பேரப்பிள்ளைகள், அம்மலையின் விளிம்பில் நின்று பார்ப்பதற்கு அறை வாடகை கட்ட வேண்டும் என்பது நியாயமாகாது. நம் நாட்டிலும் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், கடலிலிருந்து நிலப்பக்கமாக 300 மீட்டர் வரையுள்ள பகுதியைக் கரையோர வலயமாக வரையறுத்துள்ளது. கடலோரத்துக்கு ஓர் எல்லை வரைய முடிந்த நாட்டில் மலைவிளிம்புக்கும் வரைய முடியும்.

ஆகவே, பிரதேச சபைகள் தத்தம் பகுதியிலுள்ள காட்சிமுனைகளையும், அவற்றுக்கு மக்கள் காலங்காலமாக நடந்த குறுக்கு வழிகளையும் அளந்து வரைபடத்தில் பதிய வேண்டும். தோட்டக் காணி விடுதிகளுக்குக் குத்தகைக்கு விடப்படும்போது, அந்த வழிகள் திறந்திருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். எங்கள் பாறைக்கு ஏறும் வழி மூன்றடி அகலம்கூட இல்லை. அந்த மூன்றடியைத்தான் கேட்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
அப்புத்தளை.