பசுமை நகரின் படத்தில் வேரைக் காணோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எதிர்காலப் பசுமை நகரம் எப்படி இருக்கும் என்பதை விளக்கித் தங்கள் நாளிதழில் வந்த சிறப்புக் கட்டுரையையும் அதனுடன் அரைப்பக்க அளவில் வெளியான வண்ணப் படத்தையும் பார்த்தேன். மாடிக்கு மாடி மரங்கள், கூரையெங்கும் சோலார் தகடுகள், ஓசையில்லாமல் ஓடும் மின்சாரப் பேருந்துகள் என்று படம் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. கட்டட வடிவமைப்பு அலுவலகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரைவாளனாக வேலை பார்த்தவன் என்ற முறையில், அந்தப் படத்தில் விடுபட்டுப்போன ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

ஒரு மனைக்கு வரைபடம் தயாராகும் வரிசை வெளியில் உள்ளவர்களுக்கு அதிகம் தெரிந்திருக்காது. முதலில் எல்லைக்கோடு, அடுத்து விதிப்படி விடவேண்டிய பக்க இடைவெளி, பிறகு கட்டடம், அதற்கு இத்தனை கார் என்ற கணக்கில் வாகன நிறுத்தம், கார் திரும்புவதற்கு வழி, தீயணைப்பு வண்டி சுற்றிவரப் பாதை, மின்மாற்றிக்கு ஓர் இடம் என்று எல்லாம் முடிந்தபின், அனுமதிக்குக் கொடுப்பதற்கு முந்தைய நாள் மாலையில், மீந்த மூலைகளில் பச்சை வட்டங்களை வைப்போம். ஒரு வட்டத்தை நகலெடுத்து நாற்பது இடங்களில் ஒட்டினால் நாற்பது மரங்கள். கணினியில் அது ஒரு நிமிட வேலை. அந்த வட்டத்தின் விட்டம் பத்து மீட்டர் இருக்கும். ஆனால், நாங்கள் செக்‌ஷன் என்று சொல்லும் குறுக்குவெட்டு வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், அதே வட்டத்துக்கு நேர் கீழே அடித்தள வாகன நிறுத்தத்தின் கான்கிரீட் கூரையும் அதன்மேல் முழங்கால் உயரத்துக்கு மண்ணும் மட்டுமே தெரியும். இப்படி நானே வரைந்து கொடுத்த மரங்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் எத்தனை பிழைத்தன என்று என்னை யாரும் கேட்டதில்லை. நானும் போய்ப் பார்த்ததில்லை.

மரத்தின் வேர், பலரும் நினைப்பதுபோல, ஆணி அடித்தாற்போல் நேராகக் கீழே இறங்கிக்கொண்டே போவதில்லை. பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணின் ஏறக்குறைய முதல் ஒரு மீட்டருக்குள்ளேயே பக்கவாட்டில் ஓடி, கிளைகளின் விளிம்பையும் தாண்டிப் பரவுகின்றன. நடைபாதையில் ஒரு சதுர மீட்டர் குழிக்குள் நட்டு, அடிமரம் வரை சிமென்ட் பூசிவிட்ட கன்று, ஆண்டுகள் போனாலும் சவலைப் பிள்ளையாகவே நிற்பதற்கும், பலத்த காற்றில் வேரோடு சாய்ந்துவிடுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். தார்ச்சாலையும் கான்கிரீட்டும் பகலில் உறிஞ்சிய வெப்பத்தை இரவில் வெளிவிடுவதால்தான் நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்கிறது என்றும், மரம் அதைத் தணிக்கும் என்றும் தங்கள் கட்டுரை சரியாகவே சொல்கிறது. ஆனால், மரம் தன் நிழலால் மட்டும் சூட்டைத் தணிப்பதில்லை. இலைகள் வழியே நீராவியை வெளிவிட்டும் தணிக்கிறது. அதற்கு மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். ஈரம் இறங்க மண் திறந்திருக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் ஒதுக்குகிறோம். போய்வரும் வழியையும் சேர்த்தால் ஒரு காருக்கு ஏறத்தாழ 25 சதுர மீட்டர் ஆகிவிடும். 400 கார்களுக்கு ஒரு ஹெக்டேர் நிலம் மூடப்படுகிறது. அந்த ஒரு ஹெக்டேரின் மேல் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஐந்து லட்சம் லிட்டர் தண்ணீர். கார்கள் பெட்ரோலில் ஓடினாலும் மின்சாரத்தில் ஓடினாலும் இந்தக் கணக்கில் ஒரு லிட்டர்கூடக் குறையப்போவதில்லை. அவ்வளவு தண்ணீரும் எங்கே போகும் என்பதற்கு வண்ணப் படத்தில் பதில் இருக்காது.

ஆகவே, பசுமை நகரம் என்பது எதையெல்லாம் சேர்க்கிறோம் என்பதைவிட எதை முதலில் வரைகிறோம் என்பதைப் பொறுத்தது என்பதே என் கருத்து. நீர் ஓடும் வழி, தேங்கும் பள்ளம், வேர் பரவும் மண் ஆகியவற்றை முதலில் குறித்து, அவற்றைத் தொடக்கூடாது என்று கோடு கிழித்துவிட்டு, மீந்த இடத்தில் கட்டடத்தையும் சாலையையும் வைக்க வேண்டும். இது புதிய யோசனையும் அல்ல. 1898-இல் தோட்ட நகரம் என்ற கருத்தை முன்வைத்த எபனேசர் ஹோவர்ட், 6,000 ஏக்கரில் 1,000 ஏக்கரை மட்டும் நகருக்குக் கொடுத்து, 5,000 ஏக்கரை வேளாண் நிலமாக விட்டார். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனின் 1947-ஆம் ஆண்டுத் திட்டம், விரித்த கையின் ஐந்து விரல்களைப் போல ரயில் பாதைகளை ஒட்டி மட்டும் நகரை வளரவிட்டு, விரல்களுக்கு இடையே உள்ள வெளியைத் திறந்த நிலமாகக் காக்கச் சொன்னது.

அதே நகரம் 2011 ஜூலை 2 அன்று, சில மணி நேரத்தில் கொட்டிய பெருமழையில் தத்தளித்தது. விரல்களுக்கு நடுவே பசுமை இருந்தாலும் உள்ளங்கை முழுவதும் கல்லாக இருந்ததே! ஆனால், அதன்பின் அவர்கள் செய்ததைக் கவனிக்க வேண்டும். வடிகால் குழாயைப் பெரிதாக்குவதோடு நின்றுவிடாமல், 2012-இல் வகுத்த திட்டத்தின்படி, பூங்காக்களையும் சதுக்கங்களையும் மழைக்காலத்தில் நீரைத் தேக்கிவைக்கும் பள்ளங்களாகவும், சில தெருக்களை நீரைக் கடத்தும் கால்வாய்களாகவும் மாற்றி அமைக்கத் தொடங்கினார்கள். மழை இல்லாத நாளில் பிள்ளைகள் விளையாடும் இடம் மழை நாளில் குளமாகிறது.

வேறு வரிசையில் வரைந்ததற்கு அபுதாபியின் மஸ்தார் எடுத்துக்காட்டு. 2006-இல் அறிவிக்கப்பட்ட அந்த நகரம் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 50,000 பேர் வாழும் கார்பன் இல்லாத நகரமாக உருவாக வேண்டும் என்பது திட்டம். தரையையே ஒரு மேடையாக உயர்த்தி, அதன் அடியில் ஓட்டுநர் இல்லாத சிறு வண்டிகள் ஓட ஏற்பாடாயிற்று. அந்த ஏற்பாடு முதல் கட்டத்துக்கு அப்பால் விரிவுபடுத்தப்படவில்லை, குறித்த ஆண்டில் நகரமும் முடியவில்லை. ஆனால், பழைய அரபு நகரங்களைப் பின்பற்றி நெருக்கமாகவும் நிழலாகவும் அமைத்த குறுகலான தெருக்கள் மட்டும் இன்றும் நன்றாகவே பயன்படுகின்றன. இயந்திரத்தைவிட நிழல் நீடித்தது.

கார் விஷயத்தில் ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் உள்ள வோபான் குடியிருப்பு பின்பற்றத் தக்கது. பிரெஞ்சுப் படையினர் 1992-இல் காலிசெய்துபோன பாசறை நிலத்தில் எழுந்த அந்தக் குடியிருப்பின் பெரும்பகுதியில் வீட்டு வாசலில் வாகன நிறுத்தம் கிடையாது. கார் வைத்திருப்பவர்கள் விளிம்பில் உள்ள அடுக்கு நிறுத்தத்தில் இடம் வாங்கிக்கொள்ள வேண்டும். காரைத் தடைசெய்யவில்லை, வாசலிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தார்கள், அவ்வளவுதான்.

தங்கள் கட்டுரையில் எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்று உண்டு. பழைய நகரங்களைத் திருத்துவதைவிடப் புதிதாக ஒன்றைக் கட்டுவதே எளிது என்கிறார் கட்டுரையாளர். வரைபவருக்கு எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமென்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. அதிலும் பாதிக்கு மேல், சூளைக்கு எரிக்கும் எரிபொருளால் அல்லாமல், சுண்ணாம்புக்கல் சூட்டில் சிதையும்போது அதிலிருந்தே வெளிப்படுகிறது. சூளையைச் சூரிய ஆற்றலில் எரித்தாலும் அந்தப் பங்கு அப்படியே இருக்கும். ஆகவே, உறுதியாக நிற்கும் கட்டடத்தை இடித்துவிட்டுப் பசுமைச் சான்றிதழ் பெற்ற புதிய கட்டடத்தை எழுப்புபவருக்கு, அதன் சிமென்ட் வெளிவிட்ட கரியமில வாயுக் கடனை அடைக்கவே பல ஆண்டுகள் ஆகும்.

பழைய நகரையும் திருத்தலாம் என்பதற்குத் தென்கொரியாவின் தலைநகர் சியோல் சான்று. அங்கே சோங்கேசோன் ஓடையின் மேல் போட்டிருந்த சாலையையும் மேம்பாலத்தையும் அகற்றிவிட்டு, 2005-இல் ஆறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளத்துக்கு ஓடையைத் திறந்துவிட்டார்கள். ஆனால், அதில் ஓடும் நீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து பம்ப் வைத்து ஏற்றப்படுவது. ஒருமுறை மூடிய நீர்வழி திரும்பத் திறந்த உடனே தானாக ஓடிவிடாது என்பதையும் அந்த ஓடையில்தான் பார்க்கிறோம்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்து ஏதேனும் பசுமை நகரத் திட்டத்தின் படம் தங்களுக்கு வரும்போது, அதே இடத்தின் குறுக்குவெட்டு வரைபடத்தையும் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிடுங்கள். மரத்தடியில் எத்தனை அடி மண் இருக்கிறது, அதன் கீழே கார் நிற்கிறதா, மழைநீர் எந்தப் பக்கம் போகிறது என்பதை வாசகர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட வரைவாளர் ஒருவர்