குசினிக்குப் புகைக்கூடு தாருங்கள்: வீட்டுத்திட்ட அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு மாவட்டத்தில் வீட்டுத்திட்டங்களை வரைந்து, மதிப்பிட்டு, ஒப்புதல் வழங்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். அடுத்த கட்ட வீடுகளுக்கான வரைபடத்தை எங்கள் ஊர்ப் பொதுமண்டபத்தில் காட்டினீர்கள். இரண்டு படுக்கையறை, மண்டபம், விறாந்தை, மலசலகூடம் எல்லாம் இருந்தன. குசினியும் இருந்தது. அதில் புகைக்கூடு இல்லை. எங்களுக்கு முன்பு தந்த வீடுகளிலும் இல்லை. ஏன் என்று மாதர் சங்கத்து அக்கா ஒருவர் எழுந்து கேட்டார். "இனி எல்லோரும் காஸுக்கு மாறிவிடுவீர்கள்தானே, அது வீண் செலவு" என்று பதில் வந்தது. அத்தோடு பேச்சு அடுத்த விடயத்துக்குப் போய்விட்டது. அந்தப் பதிலை ஏற்க முடியாததால் இதை எழுதுகிறேன்.

காஸ் எங்களுக்குத் தெரியாத பொருளல்ல. 2021 அக்டோபருக்கு முன் 12.5 கிலோ சிலிண்டர் கொழும்பு விலையில் 1,500 ரூபாய்க்கும் குறைவு. 2022 ஏப்ரலில் அதுவே 4,860 ரூபாய். அந்த விலைக்கும் கிடைக்காமல், வெற்றுச் சிலிண்டர்களை வரிசையில் வைத்துவிட்டுச் சனம் விடிய விடியக் காத்திருந்ததை நீங்களும் பார்த்தீர்கள். மாடி வீட்டில் இருந்தவர்களே அப்போது மூன்று கல்லைத் தேடி அடுப்பு மூட்டினார்கள். நாட்கூலிக்கு வயலில் இறங்குகிற குடும்பம் எந்த நம்பிக்கையில் காஸுக்கு மாறும்? மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கள் படுவான்கரையில் இன்றும் பெரும்பாலான வீடுகளில் விறகுதான் எரிகிறது. நாளையும் எரியும். இது தெரிந்துதான் வீடு வரைய வேண்டும்.

கார்த்திகை, மார்கழியில் உங்கள் வரைபடத்துக் குசினி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வாடைக் காற்று மழையைச் சாய்த்து அடிக்கும். யன்னலைத் திறந்தால் அடுப்பு நனையும். மூடினால் புகை வெளியேற வழியில்லை. விறகோ ஈரம். தென்னம்பாளையையும் சிரட்டையையும் வைத்து எப்படியோ பற்றவைத்தாலும் கொள்ளியின் வெட்டுமுனையில் நுரை தள்ளுமே தவிர சுவாலை எழாது. தகரக் கூரையில் முட்டிய புகை திரும்பி இறங்கி நெஞ்சு மட்டத்தில் நிற்கும். அதனால் அம்மா நின்று சமைப்பதில்லை. நீங்கள் கட்டித் தந்த சீமெந்து மேடையை விட்டுவிட்டு, நிலத்தில் அடுப்பு வைத்து, பலகை போட்டுக் குந்தியிருந்து ஊதுகுழலால் ஊதுவார். ஒருமுறை ஊதுவார், முகத்தைத் திருப்பி இருமுவார், முந்தானையால் கண்ணைத் துடைப்பார். மறுபடி ஊதுவார். உலை கொதிக்கும்வரை இதுதான். குசினிக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் உள்ள சுவர் கூரைவரை எழும்பவில்லை. அந்த இடைவெளியால் புகை அக்காவின் கைக்குழந்தை படுத்திருக்கும் இடத்துக்குப் போய்விடும். குழந்தைக்கு இழுப்பு. ஆஸ்பத்திரியில் சின்ன முகத்தில் முகமூடி வைத்து மருந்தாவி பிடிக்கும்போது டாக்டர் முதலில் கேட்பது, "வீட்டுக்குள் புகை வருமா?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு நீங்களல்லவா பதில் சொல்ல வேண்டும்?

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. வீட்டுக்குள் அடைபடும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். நிமோனியா, நாட்பட்ட சுவாச நோய், பக்கவாதம், கண்புரை என்று அதன் பட்டியல் நீள்கிறது.

அம்மம்மா காலத்து அடுக்களை பின்வளவில் தனியே நின்றது. கிடுகின் இடுக்குகளால் புகை தானாக வெளியேறிவிடும். அந்த அடுக்களையைக் கல்வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் நீங்கள். புகைக்கு வழிவிடுவதும் உங்கள் கடமை. தாங்க முடியாமல் சிலர் பின்னால் கொட்டில் போட்டுச் சமைத்தார்கள். வரைபடத்தில் இல்லை, அகற்றினால்தான் கடைசித் தவணைப் பணம் என்று சொல்லப்பட்டது. பிரித்தார்கள். பணம் வந்தபின் மறுபடி கட்டினார்கள்.

என் தங்கை ஜெர்மனியில் இருக்கிறாள். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க அங்கே மரத்தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகளை எரிக்கிறார்கள். பெல்லட் என்பார்கள். 6 மில்லிமீற்றர் தடிப்பு, பத்து வீதத்துக்கு மேல் ஈரம் கூடாது. பொறி தானாகவே துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குத் தள்ளும். முன்னால் கண்ணாடிக் கதவு. புகை குழாய் வழியே கூரைக்கு மேலே போய்விடும். அந்த அடுப்பைப் பொருத்திய உடனே அவளால் பற்றவைக்க முடியவில்லை. அந்த வட்டாரத்துக்குப் பொறுப்பான புகைக்கூட்டுப் பரிசோதகர் வந்து, புகை போகும் வழி சரியென்று எழுதிக் கொடுத்த பிறகுதான் முதல் நெருப்பு. அதன் பிறகும் ஏழு ஆண்டுகளில் இரண்டு தடவை அவர் நேரில் வந்து பார்ப்பார். ஈர விறகை அந்த நாட்டில் வீட்டு அடுப்பில் எரிக்கவே சட்டம் விடாது. பெல்லட் பொறியை நான் உங்களிடம் கேட்கவில்லை. குளிர்காயும் நெருப்புக்கே ஓர் அரசு இவ்வளவு பார்க்கிறது. சோறாக்கும் நெருப்புக்குப் புகைக்கூடு தாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

விறகைச் சிக்கனமாக எரிக்கும் அனகி என்ற களிமண் அடுப்பு தருவதாகச் சொன்னீர்கள். நன்றி. ஒரே நெருப்பில் இரண்டு பானை வைக்கலாம், விறகும் மிச்சம். ஆனால் அதற்குப் புகைக்குழாய் கிடையாது. குறைந்த புகையும் புகைதானே, அது போக இடம் வேண்டும்.

செலவு என்கிறீர்கள். திறப்பு விழாவுக்குப் பந்தலும் மாலையும் பெயர் பொறித்த கருங்கல்லும் வந்தன. எங்கள் ஊர் நுழைவாயிலில் அந்தக் கல் இன்னும் பளபளக்கிறது. அதற்கு மதிப்பீட்டில் இடம் இருந்ததே! வரைபவர்களில் எத்தனை பேர் விறகடுப்பின் முன்னால் இருந்து ஒரு நேரச் சமையலைச் செய்து முடித்திருக்கிறீர்கள்? வீட்டில் அதிக நேரம் குசினியில் நிற்பவளிடம் குசினியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் வீடு வரைவது என்ன முறை?

கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது சிறிய வேலை. அடுப்பு மேடைக்கு மேலே புகையைச் சேர்க்கும் ஒரு கூடாரம், அதிலிருந்து வளைவில்லாமல் நேராக எழும் குழாய், கூரை முகட்டைவிட இரண்டடியாவது உயரம், மழை இறங்காமல் மேலே ஒரு மூடி, கரி தட்டக் கீழே ஒரு சிறு கதவு. ஊர் மேசன்மாருக்கு இது தெரிந்த வேலைதான். புதிய வீடுகளின் மதிப்பீட்டிலேயே இதைச் சேருங்கள். ஏற்கெனவே தந்த வீடுகளுக்கு மாரிக்கு முன் ஒரு சிறு கொடுப்பனவு ஒதுக்குங்கள். அதுவரை கொட்டில்களைப் பிரிக்கச் சொல்லாதீர்கள்.

திருத்திய வரைபடத்தோடு எங்கள் ஊருக்கு மறுபடி வாருங்கள் எனத் தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கூட்டத்தைப் பிற்பகல் இரண்டு மணிக்கு வையுங்கள். காலையில் வைத்தால் சமைக்கிற பெண்கள் வர முடியாது.

இங்ஙனம்,
படுவான்கரையிலிருந்து ஒரு வீட்டுத்திட்டப் பயனாளி