‘கொண்டிருந்தார்’, ‘படைத்தார்’: எங்க வீட்டு ரெண்டு பைபிள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல பைபிள்ல இருக்க நீதிமொழிகள் புத்தகத்தோட எட்டாம் அதிகாரத்தப் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். ஞானமே வாய் திறந்து பேசுற அந்தப் பகுதிக்கு இவ்வளவு இடம் குடுத்ததுக்கு நன்றி. ஆனா நடுவுல ‘ஆர்.சி. பைபிள்ல வசனத்த மாத்திட்டாங்க’ன்னு ஒரு வரி வருது பாருங்க, அது மனச ரொம்பக் கஷ்டப்படுத்திடுச்சு, அதுக்காகத்தான் எழுதுறேன்.

எங்க அம்மா ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கம், அப்பா சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டன்ட். ராத்திரி ஜெபத்துக்கு ரெண்டு பைபிளும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், அப்பா வாசிச்ச வசனத்தையே அம்மா அவங்க திருவிவிலியத்துல இருந்து திரும்ப வாசிப்பாங்க. கடவுள் தன்னை என்ன செஞ்சாருன்னு ஞானம் சொல்ற 8:22, அதாவது எட்டாம் அதிகாரம் 22ஆம் வசனம், வந்த அன்னைக்கு அப்பா ‘என்னைத் தமது வழியின் ஆதியாகக் கொண்டிருந்தார்’னு வாசிச்சாரு, அம்மா ‘என்னைப் படைத்தார்’னு வாசிச்சாங்க. நான் அப்ப பத்தாவது. எது சரின்னு கேட்டேன், ரெண்டு பேருக்கும் சொல்லத் தெரியல. ஞாயித்துக்கிழமை வகுப்புல கேட்டா ‘அவங்க மாத்திட்டாங்கம்மா’ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க. வீட்டுக்கு வந்து அம்மா முகத்தப் பாக்கவே முடியல எனக்கு.

யாரும் மாத்தலங்க. எபிரேயத்துல அந்த எடத்துல இருக்கது ‘கானா’ன்னு ஒரு வினைச்சொல். ‘ஞானத்தைச் சம்பாதி’ன்னு 4:7ல வர்றதும் அதே சொல்தான், காயீனப் பெத்ததும் ஏவாள் ‘கர்த்தரால் ஒரு மனுஷனைப் பெற்றேன்’னு சொல்றதும் அதே சொல்தான். நம்ம ‘பெறு’ மாதிரின்னு வச்சிக்கோங்க, பரிசும் பெறலாம் பிள்ளையும் பெறலாம். கிறிஸ்துவுக்கு முன்னாடியே யூதர்கள் கிரேக்கத்துல மொழிபெயர்த்தப்ப ‘படைத்தார்’னு போட்டாங்க. பிறகு எபிரேயத்தப் பாத்து லத்தீன்ல எழுதின ஜெரோம் ‘கொண்டிருந்தார்’னு போட்டாரு, அப்படீன்னா கத்தோலிக்கத் திருச்சபை ஆயிரம் வருஷத்துக்கு மேல லத்தீன்ல வாசிச்சது எங்க அப்பா வாசிச்சததான்! இன்னைக்கு சி.எஸ்.ஐ. பிள்ளைங்க கையில இருக்க என்.ஐ.வி.ங்கிற இங்கிலீஷ் பைபிள்ல ‘பிறப்பித்தார்’ங்கிற மாதிரி இருக்கு, புராட்டஸ்டன்ட் அறிஞர்கள் பண்ணின ஆர்.எஸ்.வி.ங்கிற இங்கிலீஷ் மொழிபெயர்ப்புல ‘படைத்தார்’னே இருக்கு. இதுல யார் யாரத் திருத்துனாங்கன்னு சொல்லுவீங்க?

இந்த ஒரு சொல்லுக்காக நடந்த சண்டையையாவது கட்டுரையில சொல்லியிருக்கலாம். அலெக்சாந்திரியாவுல ஆரியுஸ்னு ஒரு குருவானவர், ஞானம்னா கிறிஸ்து, ஞானம் படைக்கப்பட்டதுன்னு வசனமே சொல்லுது, அப்ப தேவகுமாரனான கிறிஸ்துவும் படைக்கப்பட்டவர்தான்னு சொன்னாரு, அது பெருசாகி 325ல நிக்கேயாங்கிற ஊர்ல ஆயர்கள் சங்கம் கூடி, ‘பிறந்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்ல’ன்னு விசுவாச அறிக்கையே எழுதவேண்டியதாச்சு. அவர எதிர்த்து எழுதின அத்தனாசியுஸ் கையிலயும் அதே கிரேக்க ‘படைத்தார்’தான் இருந்துச்சு, அவர் அந்தச் சொல்ல மறுக்கல, அது குமாரன் மனுஷனானதப் பத்திச் சொன்னதுன்னு பக்கம் பக்கமா விளக்கினாரு. யெகோவாவின் சாட்சிகள்ங்கிற சபைக்காரங்க இன்னைக்கும் ஆரியுஸ் மாதிரிதான், இயேசு முதல் படைப்புன்னு இந்த வசனத்தக் காட்டுவாங்க. எங்க அம்மா ‘படைத்தார்’னு வாசிச்சாலும் ஞாயித்துக்கிழமை பூசையில ‘உண்டாக்கப்பட்டவர் அல்ல’ன்னுதான் அறிக்கையிடுறாங்க. சொல் வேற, விசுவாசம் வேறங்க.

கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்காரங்களுக்கு ஞானம்னா கிறிஸ்துதான், 537ல கான்ஸ்டான்டிநோபிள்ல கட்டி முடிச்ச ஹாகியா சோபியாவே தேவ ஞானத்தோட பேர்ல எழும்புன ஆலயம். அதேநேரம் ‘ஞானம் தன் வீட்டைக் கட்டி’ன்னு வர்ற ஒன்பதாம் அதிகாரத்த மாதா திருநாள்லயும் வாசிப்பாங்க, அந்த வீடு மரியாள்னு அர்த்தம். பழைய லத்தீன் பூசையிலயும் மரியாள் பாவமில்லாம கருவானதக் கொண்டாடுற டிசம்பர் 8 அமல உற்பவத் திருநாளுக்கு வாசகம் இந்த 8:22ல இருந்துதான் ஆரம்பிக்கும். எங்க அம்மா மாதா பிரார்த்தனையில ‘ஞானத்துக்கு இருப்பிடமே’ன்னு சொல்றது அந்த வழியில வந்ததுதான். அப்பா அத ஏத்துக்கல, ஆனா அம்மா சொல்றப்ப எந்திரிச்சுப் போனதும் இல்ல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 30ஆம் வசனம். அப்பா பைபிள்ல ஞானம் ‘செல்லப்பிள்ளையாயிருந்தேன்’னு சொல்லுது, அம்மா பைபிள்ல ‘சிற்பியாய் இருந்தேன்’னு சொல்லுது. ‘ஆமோன்’ங்கிற எபிரேயச் சொல்ல ரெண்டு விதமாவும் எடுக்க எடம் இருக்கு. உலகம் உண்டாகுறப்ப பக்கத்துல நின்னு வேல செஞ்சது ஒரு கைத்தொழில்காரரா, இல்ல மடியில கெடந்து சிரிச்ச பிள்ளையா? ரெண்டு பைபிளும் ஒரே வீட்ல இல்லன்னா இந்தக் கேள்வியே எனக்கு வந்திருக்காது.

அதனால ஒரு வேண்டுகோள். அடுத்த இதழ்ல இந்த ரெண்டு வசனத்தையும் ரெண்டு தமிழ் பைபிள்ல இருந்தும் பக்கத்துல பக்கத்துல போடுங்க, கீழ அந்த எபிரேயச் சொல்லுக்கு அர்த்தமும் போடுங்க. ‘மாத்திட்டாங்க’ங்கிற வரிக்குத் திருத்தமும் வேணும். அம்மாவும் உங்க வாசகிதான், அந்தக் கட்டுரைய நான் இன்னும் அவங்ககிட்ட காட்டல.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை