உட்துறைமுக வீதியில் அப்பாவோடு இருந்த தம்பிக்கு

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்றுப் பின்னேரம்தான் வார்டிலிருந்து விட்டார்கள். கொஞ்சம் சளி இருக்கிறது, மற்றப்படி சுகம். அப்பா வீட்டை விட்டுப் போய்க் காணாமல்போன அந்த இரவைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. உங்களில் பாதிப்பேர் எங்களோடு ரோட்டில்தான் நின்றீர்கள்.

படத்தைப் பகிர்ந்தவர்கள், மோட்டார் சைக்கிளில் நிலாவெளி வரை தேடிப் போன பிள்ளைகள், கோயிலிலும் பள்ளிவாசலிலும் ஒலிபெருக்கியில் அறிவித்தவர்கள், காசு வாங்க மறுத்த ஓட்டோக்காரர்கள், அப்பாவுக்குச் சோறு குழைத்துத் தீத்திவிட்ட நர்ஸ்மார், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பேர் சொல்லத் தொடங்கினால் யாரையாவது விட்டுவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

மிச்சம் எல்லாம் அந்தத் தம்பிக்கு. பேரைப் போட வேண்டாம் அக்கா என்று சொன்னபடியால் போடவில்லை.

தம்பி, நீங்கள் கடல் தொழிலுக்குப் போக வந்த ஆள். கடலைப் பார்த்தபடி கட்டின் மேல் இருந்த கிழவரைக் கண்டதும், கூட வந்தவரைப் பொலிசுக்கு அனுப்பினீர்கள். அதோடு உங்கள் கடமை முடிந்தது. ஆனால் அப்பா எழும்ப மாட்டேன் என்றாராம். "டொக்கு தாண்டுபோச்சு, அப்பு இன்னும் வரேல்லை" என்றாராம். அப்பு என்றது அவருடைய அப்பாவை. நீங்கள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. "அப்ப நானும் இருக்கிறன் ஐயா, சேர்ந்து பார்ப்பம்" என்று பக்கத்தில் இருந்துவிட்டீர்கள்.

டொக் முறிந்து தாழ்ந்த அந்தக் கதையை நாங்கள் நூறு தரம் கேட்டிருக்கிறோம். உண்மையைச் சொன்னால், கேட்டதே இல்லை. தொடங்கியதுமே "சரி அப்பா, சாப்பிடுங்கோ" என்று சொல்லி நிறுத்திவிடுவோம். கப்பலைத் தூக்குகிற டொக்கே முறிந்து தாழுமா, வயதுபோக எல்லாம் குழம்பிவிட்டது என்றுதான் நினைத்திருந்தோம்.

வார்டில் அவர் நித்திரையாக இருந்தபோது போனில் தேடிப் பார்த்தேன். 1944 ஆகஸ்ட் 8. திருகோணமலைத் துறைமுகம். சிங்கப்பூர் விழுந்த பிறகு இந்தப் பக்கத்தில் பெரிய போர்க்கப்பல்களைப் பழுதுபார்க்க வெள்ளைக்காரனுக்கு இடமில்லாமல் போனது. அதற்காகத்தான் இங்கே அந்த மிதக்கும் டொக். தொட்டிகளில் தண்ணீரை நிரப்பினால் டொக் தாழும், கப்பல் உள்ளே வரும், தண்ணீரை இறைத்தால் கப்பலோடு சேர்ந்து மேலே எழும். அன்று உள்ளே நின்றது வேலியன்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல், 30,000 தொன்னுக்கு மேல். வெடிமருந்தும் இறக்கப்படாமல் நிறைய இருந்தது. தொட்டிகளை இறைத்த ஒழுங்கு அந்தப் பாரத்துக்குப் பிழைத்துப்போக, டொக்கின் முதுகு முறிந்தது. டொக் மூழ்கிப்போனது. கொதிகலனில் நீராவி இருந்தபடியால் கப்பல் தப்பியது, ஆனால் உள்பக்கத்து இரண்டு சுழலிகளும் ஒரு சுக்கானும் இறுகிவிட்டன.

அப்பா சொன்னது அத்தனையும் சரி. அப்போது அவருக்கு 7 வயது. டொக்யார்டில் வேலை செய்த அப்பப்பா அன்றிரவு வீட்டுக்கு வரவில்லை. விடியத்தான் வந்தாராம், உடம்பெல்லாம் எண்ணெய். யுத்த காலம், வெளியில் மூச்சுவிடக் கூடாது என்று பிள்ளையிடம் சொன்னாராம். 80 வருஷத்துக்குப் பிறகும் அப்பாவுக்குள் அந்த இரவு விடியவில்லை. அதுதான் தேடிப் போயிருக்கிறார்.

நீங்கள் சொன்ன ஒரு விஷயம் என்னை விட்டுப் போகவில்லை. தேத்தண்ணியோடு ஒரு பிஸ்கட் கொடுத்தீர்களாம். அப்பா அதை இரண்டு கையாலும் பிடித்து, "இப்படித்தான் தம்பி" என்று முறித்துக் காட்டி, ஒரு பாதியை உங்களிடம் நீட்டினாராம். நீங்கள் வாங்கித் தின்றுவிட்டு, "பிறகு கப்பலுக்கு என்ன நடந்தது ஐயா?" என்று கேட்டீர்களாம்.

அந்தக் கேள்வியை நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை தம்பி. பெற்ற பிள்ளைகள் நாலு பேர் இருந்தும் கேட்கவில்லை.

நாங்கள் வந்து சேர்ந்தபோது கிழக்கு வெளுத்துவிட்டது. உங்கள் வள்ளம் கரையிலேயே கிடந்தது. அன்றைய உழைப்பு போய்விட்டது என்று எனக்குத் தெரியும். காசு நீட்டியபோது நீங்கள் பார்த்த பார்வையும் மறக்காது. மன்னித்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

நேற்றிரவு பேரப்பிள்ளைகளை அப்பாவின் கட்டிலடியில் இருத்தினேன். முழுக் கதையையும் சொன்னார். சின்னவள் இரண்டு தரம் "பிறகு?" என்றாள். இனி இந்த வீட்டில் அவர் பேசும்போது யாரும் இடையில் நிறுத்த மாட்டோம். இது பத்திரகாளி அம்மன் மேல் சத்தியம்.

காலையில் எழும்பியதும் "அந்தத் தம்பி வரேல்லையோ?" என்று கேட்டார். குளிருக்கு நீங்கள் அவர் தோளில் போட்டுவிட்ட நீலத் துவாய் இங்கேதான் இருக்கிறது. தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன். ஒருக்கா வந்து எடுத்துக்கொண்டு போங்கோ. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.