மாத்திரையைக் கூட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்

வலி சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகத்துக்கும் வணக்கம்.

மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

போன செவ்வாய்க்கிழமை, தோள்பட்டை முறிந்த பங்காளி ஒருவருக்குத் துணையாக வந்திருந்தேன். "மாத்திரை போடப் போட வலி கூடுதுங்க" என்றார் அவர். "வலி மாத்திரை போட்டா வலி கூடுமா? மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று சிரித்துவிட்டு, இன்னொரு வேளை சேர்த்து எழுதினார் டாக்டர். போன வருடம் அதே நாற்காலியில் நான் கேட்ட அதே வாக்கியம், அதே சிரிப்பு. அதனால்தான் இந்த மடல்.

என் கதை உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. மொபெட்டிலிருந்து விழுந்து வலது கணுக்கால் முறிந்தது. பிளேட் வைத்தீர்கள், எலும்பு நன்றாகக் கூடியது. அதில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் வந்த டிரமடால் என்ற வலி மாத்திரையைப் பற்றித்தான் பேச்சு. முதலில் நாளுக்கு 100 மில்லிகிராம், பிறகு 200, கடைசியில் 300.

நான் சென்னிமலைக்காரன், குழித்தறியில் பெட்ஷீட் நெய்கிறவன். ஆரம்பத்தில் வலி கணுக்காலோடு நின்றது. அளவு ஏற ஏற முழங்கால் தாண்டித் தொடை வரை எரிந்தது. மிதிகட்டையை அழுத்துவது இருக்கட்டும், பக்கத்துத் தறியின் அதிர்வு தரை வழியாகப் பாதத்துக்கு ஏறினாலே பல்லைக் கடிப்பேன். ராத்திரி பெட்ஷீட் நுனி பட்டால் அலறி எழுந்துவிடுவேன். மார்கழிக் குளிரில் ஒரு காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு படுத்தேன். பார்க்கச் சகிக்காமல் வீட்டுக்காரி ஒரு அட்டைப்பெட்டியின் இரண்டு பக்கத்தை அறுத்துக் காலுக்கு மேல் கூண்டு மாதிரி கவிழ்த்து, அதன்மேல் போர்த்திவிட்டாள். நானே நெய்த பெட்ஷீட்.

பிறகு ஈரோட்டில் வேறொரு டாக்டரைப் பார்த்தேன். "மாத்திரை ஆரம்பிச்சப்ப வலி எங்கே இருந்துச்சு, இப்ப எங்கே இருக்குது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. டிரமடால் மாதிரி ஓபியாய்டு வகை மருந்து, அதாவது அபின் மாதிரி வேலை செய்கிற வலி மருந்து, சிலருக்கு நாள்பட நரம்புகளையே கூராக்கிவிடும், அடிபட்ட இடத்தைத் தாண்டி வலி பரவும், சும்மா தொட்டாலே வலிக்கும் என்றார். ஹைப்பர்அல்ஜீசியா என்று அதற்குப் பெயராம். உடம்பு மருந்துக்குப் பழகிப்போவது வேறு. அங்கே அளவைக் கூட்டினால் கொஞ்ச நாளாவது கேட்கும். இதில் கூட்டினால் வலிதான் கூடும். இது நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டிய பாடமா?

சட்டென்று நிறுத்தவும் முடியாது. ஒருமுறை கோபத்தில் நானாகவே நிறுத்தி, வியர்த்து, ஓயாமல் கொட்டாவி விட்டு, வயிறு கலங்கி இரண்டு ராத்திரி தூங்கவில்லை. ஈரோட்டு டாக்டர் இரண்டு வாரத்துக்கு 50 மில்லிகிராம் வீதம் இறக்கினார். மூன்று மாதம் ஆனது. ஒவ்வொரு படி இறங்கும்போதும் சில நாள் வலி துள்ளும், பிறகு அடங்கும். கூடவே தினமும் பாதத்தில் பஞ்சு, அது பழகியதும் பழைய வேட்டித்துணி, அப்புறம் துண்டு என்று தடவித் தடவிப் பழக்கினேன். வலி போய்விடவில்லை. கணுக்காலுக்குத் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான். அட்டைப்பெட்டி பரண்மேல் கிடக்கிறது.

ஆகவே கேட்கிறேன்: அளவைக் கூட்டுமுன், போன முறை கூட்டிய பிறகு வலி கூடியதா, பரவியதா என்று கேளுங்கள். உங்கள் சுவரில் வலியை அளக்க, சிரிக்கிற முகம் முதல் அழுகிற முகம் வரை எண் போட்ட படம் ஒட்டியிருக்கிறது. எட்டு போட்ட முகத்தைக் காட்டினால் ஒரு மாத்திரை கூடுகிறது. ஆறைக் காட்டினால் அதே மாத்திரை தொடர்கிறது. இறக்குவதற்கு அந்தப் படத்தில் முகமே இல்லையா? 2018 முதல் போதைமருந்துச் சட்டத்துக்குள் இருக்கிற மருந்து இது. கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் எடுத்துத் தருகிறார். அந்தப் பார்வையில் பாதி எழுதும் இடத்தில் வேண்டாமா?

இன்னொன்று. காத்திருக்கும் பெஞ்சுக்கு முன்னால் கால் நீட்ட ஒரு ஸ்டூல் கேட்டு எத்தனை முறை எழுதிப் போட்டோம்! மீன்தொட்டி வந்திருக்கிறது. மீனுக்குக் கால் வலிக்காது. சரி, அதை விடுங்கள்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். மருந்தைத் தொடங்கும் சீட்டிலேயே எப்போது, எப்படி இறக்குவது என்றும் எழுதுங்கள். பங்காளிக்கு அடுத்த முறை வர வேண்டிய நாள் இருபத்திரண்டாம் தேதி. கூட நானும் வருவேனுங்க.

இப்படிக்கு,
சென்னிமலைத் தறிக்காரன்