எவ்வளவு தூசு என்பது சரி, எதன் தூசு?

ஆசிரியருக்கு வணக்கம்.

போகிக்கு மறுநாள் சென்னைக் காற்றில் நுண்துகள் எவ்வளவு என்று வருடம் தவறாமல் செய்தி வருகிறது. அதைப் படித்து முடித்ததும் எனக்கு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அது எதன் புகை? டயரா, பழைய பாயா, பிளாஸ்டிக் பையா, லாரியா? கண்காணிப்பு நிலையம் துகளின் அளவைச் சொல்கிறது, அது பிறந்த இடத்தைச் சொல்வதில்லை.

நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். துகளில் ஒட்டியிருக்கும் கரிமச் சேர்மங்களே அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். விறகோ சருகோ வைக்கோலோ எரிந்தால் செல்லுலோஸ் சிதைந்து லீவோகுளுக்கோசான் உண்டாகும். டீசலில் இருந்து அது வராது. ஹோபேன் என்பது பல கோடி வருடங்களுக்கு முந்தைய பாக்டீரியாக்களின் மிச்சம். கச்சா எண்ணெயில் தங்கியிருந்து, என்ஜின் ஆயில் வழியாக வண்டிப் புகையில் வெளிவருகிறது. பாலித்தீன் பை எரிந்தால் டிரைஃபினைல்பென்சீன். இறைச்சி வறுக்கும் புகையில் கொலஸ்ட்ரால்கூட உண்டு! லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 1982-இல் பிடித்த துகள்களில் டீசலின் பங்கு, விறகின் பங்கு, சமையலின் பங்கு என்று இப்படித்தான் 1996-இல் பிரித்துக் காட்டினார்கள்.

சென்னைத் துகள்களையும் பார்த்திருக்கிறார்கள். 2007-இல் குளிர்காலத்திலும் கோடையிலும், பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியாகச் சேகரித்து, 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிளாஸ்டிக் கலந்த குப்பையை வெட்டவெளியில் எரிப்பதன் தடயம் அதில் இருந்தது. அப்புறம் ஏன் இது வழக்கமான கண்காணிப்பாக மாறவில்லை?

எங்கள் பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல் ஜன்னலைத் திறக்க முடியாது. பேரனுக்கு இருமல் வந்துவிடும். நான் குப்பைப் புகை என்கிறேன், புகார் கேட்பவர்கள் லாரிப் புகை என்கிறார்கள். சோதித்துப் பார்க்காதவரை இரண்டுமே ஊகம்தான்.

2009-ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத் தர அளவுகளில் பென்சோபைரீன் என்ற புற்றுநோய் உண்டாக்கும் சேர்மத்துக்கு ஒரு கன மீட்டருக்கு 1 நானோகிராம் என வரம்பு இருக்கிறது. ஆனால் அது எது அரைகுறையாக எரிந்தாலும் வரும், ஆளைக் காட்டாது. அதை அளக்க, துகள் படிந்த வடிதாளில் இருந்து சாறு எடுக்கத்தான் வேண்டும். அதே சாற்றில் ஹோபேனையும் டிரைஃபினைல்பென்சீனையும் பார்த்துவிடலாம். லீவோகுளுக்கோசானுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. வெயிலில் அது ஓரளவு சிதைந்தும் போகும். பரவாயில்லை, தோராயமான கணக்கே பெரிய உதவி.

கொடுங்கையூர், பெருங்குடி குப்பைக் கிடங்குகள் அருகே தலா ஒரு நிலையத்தில் போகியன்றும், ஒரு சாதாரண வாரத்திலும் இதை அளந்து வெளியிடும்படி உங்கள் பத்திரிகை கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
வியாசர்பாடி வாசகர்